‘அது என்ன ஆச்சு?’: வேலையிடக் கேள்வி பதில்

வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே ஆதங்கம்தான்: உழைப்பு இருக்கிறது, மதிப்பு இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டுப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: காலையில் முதல் ஆளாக வருகிறேன், கடைசி ஆளாகக் கிளம்புகிறேன். ஆறு வருடமாக இதுதான். என்னைவிட இரண்டு வருடம் ஜூனியர் ஒருவர், மணி ஆறடித்தால் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவரை டீம் லீடர் ஆக்கிவிட்டார்கள். நான் எங்கே கோட்டை விட்டேன்?

அவர் காக்கா பிடித்தார் என்று சொல்லிவிடலாம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு, உங்கள் மேலதிகாரி உங்களிடம் ‘அது என்ன ஆச்சு?’ என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். நேரில், போனில், மெயிலில், பக்கத்து சீட்டுக்காரர் மூலமாகக் கேட்டது எல்லாம் கணக்கு. பத்து வேலை நாளில் மூன்று நான்கு கோடு என்றால் கவலையில்லை. தினம் இரண்டு விழுகிறது என்றால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ஒரு வேலையை உங்களிடம் கொடுப்பதால் மேலதிகாரிக்குக் கிடைக்கும் பெரிய லாபம், அது அவர் தலையிலிருந்து இறங்குவதுதான். கொடுத்த பிறகும் அவரே ஞாபகம் வைத்துத் துரத்த வேண்டியிருந்தால், வேலை உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. பாரம் அவர் தலையிலேயே இருக்கிறது. ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் அநேகமாக அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறவர்.

மூன்று இடத்தில் இது கசியும். முதலாவது, வேலையை வாங்கும்போது. ‘சரி சார்’ என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள். என்ன வடிவில் வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், யார் பார்க்கப்போகிறார்கள், நடுவில் சந்தேகம் வந்தால் யார் முடிவு சொல்வார்கள் என்ற நான்கும் தெரிந்த பிறகு எழுந்திருங்கள். ‘கிளை வாரியாகப் போன வருட விற்பனை, ஒரே பக்கம், வியாழன் மதியத்துக்குள், இயக்குநர் கூட்டத்துக்கு. சரிதானே சார்?’ என்று உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிவிடுங்கள். பத்து விநாடி ஆகும். ‘இல்லையில்லை, மாத வாரியாக’ என்று அவர் திருத்தினால், அந்த ஒரு சொல் உங்களுக்கு ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது, நடுவழியில். வேலை தாமதமாகும் என்பது செய்கிறவருக்கு எப்போதும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் கெடு நாளன்று காலையில்தான் வாயைத் திறப்பார்கள். அதற்குள் மேலதிகாரி தனக்கு மேலே உள்ளவரிடம் வாக்குக் கொடுத்திருப்பார். கொடுத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதும், யாரும் கேட்காமலேயே இரண்டு வரி அனுப்புங்கள்:

“கிளை விற்பனை அறிக்கை: 14 கிளைகளில் 11 வந்துவிட்டன. மீதி மூன்று கிளைகளுக்கு நேற்று நினைவூட்டினேன். நாளை 12 மணிக்குள் வராவிட்டால் போனில் பேசி வாங்கிவிடுகிறேன். வியாழன் மதியம் தருவதில் மாற்றமில்லை.”

இதில் எண் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது இருக்கிறது, கெடு நிற்குமா என்பதும் இருக்கிறது. ‘கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார்’ என்ற வாக்கியத்தில் இந்த மூன்றும் கிடையாது. அதைக் கேட்ட மேலதிகாரி மறுநாளும் கேட்பார்.

மூன்றாவது கசிவு, முடித்த பிறகு. ஃபைலைப் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டு, ‘போட்டுட்டேனே, பார்க்கலையா?’ என்பார்கள். முடிந்ததை முடிந்தது என்று சொன்னால்தான் எதிராளி தன் பட்டியலில் அதை அடிப்பார். ஃபைல் எங்கே இருக்கிறது, அவர் செய்ய வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு வரி போதும்.

கடைசி ஆளாகக் கிளம்புவது பற்றி ஒரு வார்த்தை. அதே வேலையைப் பார்க்கும் மற்றவர் ஆறு மணிக்கு முடித்துவிட்டார் என்றால், நீங்கள் எட்டு மணி வரை இருப்பதை உழைப்பு என்று மட்டும் நிர்வாகம் படிக்காது. மெதுவாகச் செய்கிறார் என்றும் படிக்கலாம்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள், கேட்காவிட்டால் தப்பாகிறது. எத்தனை முறை கேட்கலாம்?

எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்கும்போதுதான் புருவம் உயரும். ஆகவே ஒரு நோட்டு, தேதி போட்டு, கேட்டதும் கிடைத்த பதிலும். மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி அது இருப்பதும் நல்லதுதான். பதில் சொன்னவருக்கு, தான் சொன்னது வீண்போகவில்லை என்று தெரியும்.

எங்காவது முட்டிக்கொண்டால் இருபது நிமிடம் சொந்தமாக முயலுங்கள். பழைய ஃபைலைப் புரட்டுங்கள், போன மாதம் இதே வேலையை யார் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இருபது நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லையா, எழுந்து போய்க் கேளுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது வீம்பு. கேட்கும் விதம் முக்கியம். ‘இது வரல’ என்று நிற்காமல், ‘இந்தப் பில்லில் தேதி இல்லை. போன மாதப் பில்லில் சரக்கு வந்த தேதியைப் போட்டிருக்கிறார்கள். இதற்கும் அதையே போடலாமா?’ என்று கேட்டால், எதிராளி ‘ஆமாம்’ என்ற ஒரே சொல்லில் உங்களை அனுப்பிவிடலாம். அவசரமில்லாத சந்தேகங்களைச் சேர்த்துவைத்து, மதியத்துக்கு முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்பது இன்னும் நல்லது.

ஒரே விதிவிலக்கு: இயந்திரம், மின்சாரம், மருந்து, வேதிப்பொருள், பெரிய தொகை. இவற்றில் இருபது நிமிட முயற்சி எல்லாம் வேண்டாம். கை வைக்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: பேக்கிங் பிரிவில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் முந்தைய ஷிஃப்ட்காரர் விட்டுப்போன குளறுபடியைச் சரிசெய்வதிலேயே முதல் ஒரு மணி நேரம் போகிறது. லாக் புத்தகத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள், பிரயோஜனமில்லை.

உங்கள் லாக் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். உற்பத்தி எண்ணிக்கைதானே இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். அடுத்து வருகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் தேவைப்படாத ஒரே தகவல் அது. வரிசையைத் தலைகீழாக்குங்கள்: எதை ஓட்டக் கூடாது, வழக்கத்திலிருந்து எது மாறியிருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, கடைசியாக எண்ணிக்கை.

இது வெறும் வசதிக்காகச் சொல்வதில்லை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்ததைப் பணி ஒப்படைப்புப் பற்றிப் பேசும் எல்லாரும் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். அங்கே இரண்டு பம்புகள். பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றினார்கள்; வேலை முடியவில்லை, குழாய் வாயில் ஒரு மூடித் தகட்டை வைத்துவிட்டுப் போனார்கள். வால்வு கழற்றியிருக்கும் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன் இன்னொரு பம்பு நின்றது. சும்மா இருக்கிறதே என்று வால்வு இல்லாத பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். வால்வைக் கழற்றியவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. பம்பை ஓட்டியவர்களுக்கும் வேலை தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போகவில்லை.

உங்கள் பேக்கிங் லைனுக்கு வருவோம். ‘மெஷின் 2 சீல் பிராப்ளம், பார்த்தாச்சு’ என்று எழுதினால் வருகிறவருக்கு என்ன புரியும்? பார்த்து என்ன செய்தீர்கள், இப்போது ஓட்டலாமா கூடாதா? இப்படி இருக்கட்டும்:

“1. கன்வேயர் 3 ஓட்டக் கூடாது. பின்பக்கப் பாதுகாப்பு மூடி கழற்றியிருக்கிறது. மெயின் சுவிட்சில் பூட்டும் டேகும் போட்டிருக்கிறது. சாவி பராமரிப்புப் பிரிவில்.
2. மெஷின் 2: சீல் வெப்பம் 150 டிகிரியிலிருந்து 158-க்கு ஏற்றியிருக்கிறது. மாலை 4 மணிக்கு மாற்றிய ஃபிலிம் ரோல் கனமானது, அதில் சீல் பிரிந்தது. பழைய ரோல் போட்டால் 150-க்கு இறக்கவும், இல்லாவிட்டால் பை கருகும்.
3. மாலை 4 முதல் 4.40 வரை வந்த பைகள் சிவப்புத் தொட்டியில். 46 பை. தரப்பிரிவு இன்னும் பார்க்கவில்லை, அனுப்ப வேண்டாம்.
4. உற்பத்தி 5,210.”

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். மாற்றம் மட்டும் இல்லை, காரணமும் எப்போது திருப்பி மாற்ற வேண்டும் என்பதும் இருக்கிறது. காரணம் எழுதாத மாற்றம்தான் அடுத்த ஷிஃப்டின் முதல் குளறுபடி. வருகிறவர் 158-ஐப் பார்த்து, ‘எவனோ தப்பா வச்சிருக்கான்’ என்று 150-க்கு இறக்குவார். மறுபடி சீல் பிரியும்.

எழுதுவதோடு விடாமல் பத்து நிமிடம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். வருகிறவர் முதல் இரண்டு விஷயத்தையாவது திருப்பிச் சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஷிஃப்ட் நேரங்கள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது: நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீணாவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் அந்த நிமிடங்களைக் குறித்து, எண்ணோடு போய்க் கேளுங்கள். முந்தைய ஷிஃப்ட்காரரைக் குறை சொல்லும் தொனி மட்டும் வேண்டாம். உங்கள் குறிப்பை முதலில் ஒழுங்காக எழுத ஆரம்பியுங்கள். ஒரு மாதத்தில் அவரும் அதையே காப்பி அடிப்பார்.

கேள்வி: தாமதமாக வருவதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள்? வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறேனே.

தனியாகச் செய்யும் வேலை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். உங்களுக்காக இன்னொருவர் காத்திருக்க வேண்டிய வேலை என்றால் இல்லை. தாமதம் தவிர்க்க முடியாதபோது, வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே சொல்லுங்கள்; ‘லேட் ஆகும்’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு வருவீர்கள், அதுவரை எந்த வேலை நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பது மணி வேலைக்கு 9.10-க்கு அனுப்பும் செய்தியால் யாருக்கும் லாபமில்லை.

கேள்வி: கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நேற்று அனுப்பிய அறிக்கையில் ஒரு தவறு இருப்பதை இன்று கண்டுபிடித்தேன். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. சொல்வதா, அடுத்த மாதம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவதா?

இன்றே சொல்லுங்கள். நீங்களே போய்ச் சொன்னால் அது ஒரு தவறு. மற்றவர் கண்டுபிடித்தால் அது தவறும் மறைப்பும். அதன்பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் யாராவது ஒருவர் மறுபடி கூட்டிப் பார்ப்பார்.

நான்கு வரி போதும்: எந்த எண் எவ்வளவு தவறு, யார் யாருக்குப் போயிருக்கிறது, திருத்திய அறிக்கை இதோ, இனி நடக்காமலிருக்க என்ன மாற்றியிருக்கிறேன். மன்னிப்பு ஒரு வரி. குற்ற உணர்ச்சியில் ஒரு பக்கம் எழுதினால் படிப்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது.

நாலாவது வரிக்கு ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’ என்று எழுதாதீர்கள். அது தீர்வே இல்லை. நேற்றும் நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள். எழுதியதை உடனே திரும்பப் படித்தால், தாளில் இருப்பதைவிட மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும். எனவே சோதனையை வேறு வழியில் வையுங்கள். கீழிருந்து மேலாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். மூலத்தில் எத்தனை வரிகள், உங்கள் தாளில் எத்தனை வரிகள், இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றா என்ற மூன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள்.

வரி எண்ணிக்கைதானே என்று நினைக்காதீர்கள். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றாளர் பட்டியலில் 15,841 பேர் விடுபட்டுப் போனார்கள். எக்செலின் பழைய வகை ஃபைலில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் வந்தவை அப்படியே உதிர்ந்துபோயின. அனுப்பியது எத்தனை, வந்தது எத்தனை என்று இரு பக்கமும் எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

டேலி ஆகாத கணக்கைத் தேடுவதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. புதியவர்கள் பலருக்கு இப்போது யாரும் சொல்லித் தருவதில்லை. வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், அநேகமாக எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. 8,530-ஐ 5,830 என்று அடித்திருந்தால் வித்தியாசம் 2,700, 9-ஆல் வகுபடும். ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் அப்படியே: 4,500-க்குப் பதில் 450 என்றால் வித்தியாசம் 4,050, அதை 9-ஆல் வகுத்தால் 450 என்று தப்பாக அடித்த எண்ணே வந்து நிற்கும். இரண்டாவது வழி: வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுங்கள். 1,240 உதைத்தால் 620-ஐத் தேடுங்கள். பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருந்தால் அங்கே மாட்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருளை முழுதாக இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ‘எல்லாவற்றையும் எழுதிக் கொடு’ என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு என்னைத் தூக்கிவிட மாட்டார்களா?

பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டோம். ஆள் குறைப்புப் பேச்சு ஓடுகிற இடத்தில், உங்களுக்கு மட்டும் திடீரென்று ‘ஒரு வாரத்தில் எழுதிக் கொடு’ என்றால், எழுதிக் கொடுத்தபடியே வெளியிலும் தேடத் தொடங்குங்கள்.

மற்ற இடங்களில் கணக்கு வேறு. உங்களை விட்டால் ஆளில்லை என்றால் உங்களை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பவும் முடியாது. மேலே ஒரு இடம் காலியாகும்போது ‘அவர் போனால் இதை யார் பார்ப்பது?’ என்ற கேள்வி வரும். வேறொருவருக்கு அந்த இடம் போகும். லீவிலும் போன் வரும். பூட்டிவைத்த வித்தைக்கு ஆயுளும் குறைவு: நிறுவனம் அந்த மென்பொருளையே மாற்றிவிட்டால் அன்றோடு சரி. எழுதிக் கொடுத்து, இரண்டு பேரைப் பழக்கியும் விட்டவருக்குப் புது மென்பொருளைக் கொண்டுவரும் வேலை வந்து சேரும்.

எழுதும்போது ஒரு படிக்கு ஒரு செயல். ‘மாத இறுதி ரிப்போர்ட் எடுக்கவும்’ என்பது படி ஆகாது. எந்த மெனு, எந்தப் பொத்தான், அழுத்தியதும் திரையில் என்ன வர வேண்டும் என்பது வேண்டும். எந்தப் படியில் வழக்கமாகச் சிக்கும், சிக்கினால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் அனுபவத்தின் விலை அந்த ஓரக் குறிப்புகளில்தான் இருக்கிறது. பிறகு அந்த வேலை தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டம். அவர் எங்கே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள். மேலே திருத்திய தேதியைப் போடுங்கள்; தேதியில்லாத கையேட்டை யாரும் நம்புவதில்லை.

கேள்வி: நன்றாகச் செய்கிறேன் என்பதற்காக எல்லா வேலையும் என் தலையில் விழுகிறது. மறுத்தால் கெட்ட பெயர்.

மறுக்க வேண்டாம். தேர்வு செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். கையில் உள்ள வேலைகள், ஒவ்வொன்றுக்கும் மீதியுள்ள மணி நேரம், கெடு என்று மூன்று பத்தியில் ஒரு தாள் எப்போதும் தயாராக இருக்கட்டும். புதிதாக ஒன்று வரும்போது அதை நீட்டி, ‘இது எட்டு மணி நேரம் பிடிக்கும் சார். இந்த வாரம் இதைச் செய்தால் இந்த இரண்டில் ஒன்று திங்களுக்குப் போகும். எதைத் தள்ளட்டும்?’ என்று கேளுங்கள். நேரம் மதிப்பிடும்போது, ஒரு நாளில் எட்டு மணியும் உங்கள் கையில் இருப்பதாகக் கணக்குப் போடாதீர்கள். போன், கூட்டம், குறுக்கே வரும் வேலை போக ஐந்து மணி நேரம் தேறினால் நல்ல நாள்.

கேள்வி: சம்பள உயர்வு எப்படிக் கேட்பது? அப்ரைசல் கூட்டத்தில் வாய் அடைத்துப்போகிறது.

வாய் அடைப்பதற்குக் காரணம், போன வாரம் தவிர வேறெதுவும் ஞாபகத்துக்கு வராததுதான். உங்கள் மேலதிகாரிக்கும் அதே கதிதான். வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு வரி எழுதுங்கள்: என்ன செய்தேன், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி, யாருக்குத் தெரியும். ‘மாதக் கணக்கு முடிக்க 6 நாள் ஆனது, பில்களை வாரந்தோறும் பதிந்ததால் 4 நாள்’ என்ற மாதிரி. வருடக் கடைசியில் ஐம்பது வரி இருக்கும். அதில் நான்கைந்தை எடுத்துப் போனால் போதும். நான்கு பேர் சேர்ந்து செய்ததை ‘நான் செய்தேன்’ என்று எழுதாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு யார் செய்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்ரைசல் கூட்டத்தில் கேட்பது பெரும்பாலும் காலம் கடந்த கேள்வி. பல நிறுவனங்களில் அதற்குள் உயர்வுக்கான தொகை பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். இரண்டு மூன்று மாதம் முன்பே தனியாக நேரம் கேளுங்கள். வீட்டுச் செலவு, பக்கத்து சீட்டுக்காரர் சம்பளம் இரண்டையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். முதலாவதற்கு அனுதாபம் கிடைக்கும், இரண்டாவதற்கு அதுவும் கிடைக்காது. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘இப்போது முடியாது’ என்றால், ‘எது நடந்தால் முடியும், எப்போது மறுபடி பேசலாம்?’ என்று கேளுங்கள். அன்று மாலையே, பேசியதை மூன்று வரியில் அவருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்க வேறு வழி கிடையாது.